'கேஷ்': ஒரே ஒலியில் இரண்டு சொற்கள்

ஆங்கிலக் 'கேஷ்' நம் 'காசு'விலிருந்து பிறந்தது எனச் சிலர் கூறுவது பாதி மட்டுமே சரி. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்', பெட்டி என்று பொருள்படும் லத்தீன் 'காப்ஸா'விலிருந்து இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியே வந்து, முதலில் பணப்பெட்டியையும் பின்னர் அதனுள் இருந்த பணத்தையும் குறிக்கலாயிற்று. தமிழ்க் 'காசு' போர்த்துக்கீசியர் நாவில் 'காய்ஷா' ஆகி, ஆங்கிலேயரிடம் சிறு நாணயமொன்றின் பெயராக நின்றது. 1818 வரை சென்னையில் கும்பினியார் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார்) 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம் என்று கணக்கு வைத்தது இந்தக் 'கேஷி'ல்தான். சீனரின் துளையிட்ட நாணயத்துக்கும் இதே பெயரைச் சூட்டினார்கள் என்பது சுவையான செய்தி. காசாளரான 'கேஷியர்' பெட்டியின் வழிவந்தவர். படையதிகாரியைப் பதவிநீக்குவதைக் குறிக்கும் 'கேஷியர்' என்ற வினையோ, உடைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாதலால், இவ்விரண்டுக்கும் உறவில்லை.