பார்வோவில் குட்டியை இழந்த வீட்டுக்கு அடுத்த குட்டி எப்போது?

பார்வோ என்னும் வைரஸ் குடல் நோயில் நாய்க்குட்டி இறந்த வீட்டைப் பினாயிலால் கழுவிவிட்டால் ஒரு வாரத்தில் வேறு குட்டியைத் தத்தெடுக்கலாம் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருக்கிறார்கள். நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்டதே என்றாலும் அது சரியன்று.

பார்வோ வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது என்பதால், சோப்பையும் வழக்கமான பினாயிலையும் தாங்கிக்கொண்டு, தரை இடுக்கிலும் நிழல் விழும் தோட்டத்து மண்ணிலும் அது பல மாதங்கள், சில வேளை ஓராண்டு வரைகூட, தொற்றும் திறனுடன் இருக்கும். தரைக்கு நம்பத்தக்கது 5 சதவீத ப்ளீச் திரவம்: அழுக்கை முதலில் முழுவதும் கழுவியெடுத்து (மலம் ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே வீணாகிவிடும்), 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடமாவது ஈரம் காயாமல் விட வேண்டும். மண்ணில் இதுவும் பலிக்காது.

மனம் தேறிவிட்டதா என்பதை அவரவரே அறிவார்கள். வீடு தேறிவிட்டதா என்பது வேறு கேள்வி. தடுப்பூசி முழுமையாகப் போட்ட வளர்ந்த நாய்க்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. குட்டிதான் வேண்டுமென்றால், தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் முந்தைய ஊசிகளைப் பயனற்றதாக்கக்கூடும் என்பதால், 16 வாரமோ அதற்கு மேலோ ஆன பிறகு போடும் தவணை முடிந்திருக்க வேண்டும்.

இதைச் சரிபார்ப்பது எளிது. பினாயில் புட்டியின் லேபிளில் பார்வோவைரஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் தடுப்பூசி வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதிலுள்ள கால அட்டவணையைத் தத்தெடுக்கும் குட்டியின் தடுப்பூசி அட்டையோடு ஒப்பிட்டுவிட்டு, முந்தைய குட்டி எந்த நோயில் இறந்தது என்பதையும் சொல்லி உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.