எம்.கே.பி. நகரில் இருக்கும் பாரதி

எம்.கே.பி. நகர் என்றால் மகாகவி பாரதி நகர். வியாசர்பாடிப் பக்கம் வெகுநாளாகக் குடியிருப்பவர்களிடமே இதைச் சொன்னால் "அட, அதுவா?" என்கிறார்கள். ஷேர் ஆட்டோவில் "எம்.கே.பி., எம்.கே.பி." என்று கூவுவார்கள். செய்தித்தாளில் "எம்.கே.பி. நகர் போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்" என்று வரும். பாரதியா விசாரிக்கிறார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அங்கிருந்து கொஞ்சம் தள்ளிக் கொடுங்கையூர்ப் பக்கம் போனால் கவியரசு கண்ணதாசன் நகர். அதையும் சிலர் கே.கே.டி. நகர் ஆக்கிவிட்டார்கள்.

இதைப் பார்த்து வருத்தப்படும் நண்பர்கள் உண்டு. மகாகவியை மூன்று ஆங்கில எழுத்தாகச் சுருக்கிவிட்டோமே என்பார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. தினமும் வாயில் புழங்கும் பெயர் தேயத்தான் செய்யும். என் குறை வேறு. இந்த எழுத்தாளருக்கும் இந்த இடத்துக்கும் என்ன உறவு என்று நின்று படிக்கிற மாதிரி நாலு வரி எழுதி வைக்கும் பழக்கமே நமக்கு இல்லை.

சென்னையில் எழுத்தாளர்களுக்கு நினைவுச் சின்னம் என்றதும் மெரினாதான் ஞாபகம் வரும். 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலைகள். வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வீரமாமுனிவர், போப், கால்டுவெல். எழுதியவர்களோடு எழுதப்பட்டவளான கண்ணகியும் சிலம்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவள் சிலையை 2001 டிசம்பரில் எடுத்தபோது எழுந்த கூச்சல் 2006-இல் திரும்ப வைக்கும் வரை அடங்கவில்லை. எழுதியவர் யாருடைய சிலையையாவது எடுத்திருந்தால் அவ்வளவு பேர் கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். சரி, அது கிடக்கட்டும். சிலைகளுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் கம்பருக்கும் அந்த மணலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மாநாடு நடந்தது, சாலை அகலமாக இருந்தது, வரிசையாக நிறுத்தினார்கள்.

வடசென்னையில் சம்பந்தம் இருக்கிறது, சின்னம்தான் இல்லை.

ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். வள்ளலார் வாழ்ந்த வீடு இன்னும் இருக்கிறது. 1823-இல் மருதூரில் பிறந்தவர், சிறு குழந்தையாகச் சென்னைக்கு வந்து 1858 வரை இங்கேதான் இருந்தார். வடலூர் அதற்கு அப்புறம். இங்கிருந்து கந்தகோட்டத்துக்கு நடப்பார், திருவொற்றியூருக்கும் நடப்பார். தெய்வமணிமாலையில் சென்னையையும் கந்தகோட்டத்தையும் பேர் சொல்லிப் பாடியிருக்கிறார். பாட்டுக்குள்ளேயே விலாசத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போன மனிதர். அந்த வீட்டைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அவரை வழிபடும் அன்பர்கள். தமிழ்க் கவிதை படிப்பவர்கள் வருவது அபூர்வம்.

தங்கசாலைத் தெருவின் வடகோடியில் இருக்கும் பேருந்து நிலையத்துக்கு வள்ளலார் நகர் என்று பெயர். பேருந்தின் நெற்றியில் வள்ளலார் நகர் என்று இருக்கும், கண்டக்டரும் பயணிகளும் மிண்ட் என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே தங்கசாலைத் தெருவில்தான் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் வைத்து நூல்கள் பதிப்பித்தார். வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லக்கூடாது, அது மருட்பா, அதாவது மயக்கும் பாட்டு என்று மல்லுக்கு நின்ற அணியின் தலைமகன் அவர். 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவை அச்சில் கொண்டுவந்த பிறகு பிடித்த சண்டை அது. கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது, இரண்டு பேரும் காலமான பிறகும் ஓயவில்லை. நாவலர் அச்சடித்த தெருவின் முனையில் இன்று வள்ளலார் பெயரில் பேருந்து நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய தமிழ்ச் சண்டை ஒரே தெருவில் இப்படிப் பதிந்து கிடக்கிறது, அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சிலை வைத்தால்கூட இந்தக் கதை வெளியே வராது. நாலு வரி எழுதி வைத்தால் வரும்.

அப்புறம் கொண்டித்தோப்பு. பி. இரத்தின நாயகர் அன் சன்ஸ் போட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள் இங்கிருந்துதான் தமிழ்நாடு முழுக்கப் போயின. அல்லி அரசாணி மாலையும் விக்கிரமாதித்தன் கதையும் கூட்டிப் படிக்கத் தெரிந்த அளவுக்கே எழுத்தறிவு இருந்த வீடுகளுக்குள் அந்தப் பெரிய எழுத்தில்தான் நுழைந்தன. பூங்கா நகர்ப் பக்கம் குஜிலி எனப்பட்ட சந்தைக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் இன்னொரு உலகம். ரயில் விபத்தா, கொலைச் சிந்தா, புயலா, எல்லாவற்றுக்கும் பாட்டுக் கட்டி விற்றார்கள். அதை எழுதியவர்களில் பலருடைய ஊர்கூடத் தெரியாது. இவர்களுக்கு மணிமண்டபம் யார் கேட்கப் போகிறார்கள்? புகழ்பெற்ற எழுத்தாளர் என்று நாம் போடும் பட்டியலில் இவர்கள் ஒருநாளும் வரமாட்டார்கள். தமிழ் அச்சை வாங்கிப் படிக்கும் கூட்டத்தை உண்டாக்கியதில் இவர்களுக்கு இருக்கும் பங்கு மெரினாவில் நிற்கும் சிலருக்குக்கூட இல்லை என்று நான் சொல்வேன். திட்டுபவர்கள் திட்டலாம்.

பெரம்பூர்ப் பக்கம் வந்தால் திரு.வி.க. நகர். மாநகராட்சியின் 6-ஆம் மண்டலத்துக்கும் அதுவே பெயர், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கும் அதுவே. குப்பை எடுக்கவில்லை என்று புகார் எழுதும்போதெல்லாம் அவர் பெயரை எழுதுகிறோம். இந்தப் பெயருக்குக் காரணம் இருக்கிறது. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவோடு சேர்ந்து பி அண்ட் சி துணி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர்களில் அவர் ஒருவர். மேடையிலும் தாம் நடத்திய நவசக்தி இதழிலும் அவர் வளர்த்த நடைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள் இந்தப் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள். ஆலையும் 1990-களோடு மூடிப்போனது. பெயர் மட்டும் மண்டல அலுவலகத்தில் நிற்கிறது.

வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையமும் அப்படித்தான். ஜீவானந்தம் 1952-இல் வண்ணாரப்பேட்டையில் நின்று சட்டமன்றத்துக்குப் போனவர். "காலுக்குச் செருப்புமில்லை" பாட்டை எழுதியவர், தாமரை இதழைத் தொடங்கியவர். பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் ரயிலில் அறிவிப்பு வரும், "வியாசர்பாடி ஜீவா" என்று. மகாபாரதம் பாடியவரும் கம்யூனிஸ்டு கவிஞரும் ஒரே பலகையில். என்னைக் கேட்டால் இந்தியாவிலேயே அழகான ஸ்டேஷன் பெயர் இதுதான்.

ஆக, காரணம் உள்ள பெயர்கள் உண்டு, மனைப்பிரிவு போடும்போது கையில் கிடைத்த பெரியவர் பெயரை வைத்ததும் உண்டு. பாரதி ஜார்ஜ் டவுனில் நடமாடியவர், தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்கு வருவார் என்று இன்றும் சொல்கிறார்கள். எம்.கே.பி. நகரோடு அவருக்கு என்ன உறவு? எனக்குத் தெரிந்து வீட்டு வசதி வாரியம்தான். பள்ளிப் பிள்ளைக்கு இந்த இரண்டு வகையையும் பிரித்துச் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை.

ஆளையும் இடத்தையும் சேர்த்து நினைவில் வைப்பது பழைய காலத்தவர்களுக்கு வந்திருக்கிறது. திருவொற்றியூரில் கடலோரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. காதற்ற ஊசியும் கூட வராது என்று பாடியவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடுவதில் ஒரு முரண் இருக்கிறதுதான். ஆனாலும் அவர் இங்கே அடங்கினார் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பலகை பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை அது.

லண்டனில் 1866-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பெரிய மனிதர்கள் வாழ்ந்த வீட்டுச் சுவரில் ஒரு வட்டப் பலகை, பெயர், வருடம், அவ்வளவுதான். முதல் பலகை 1867-இல் கவிஞர் பைரன் பிறந்த வீட்டுக்கு. அந்த வீட்டையே 1889-இல் இடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை. பலகை வீட்டைக் காப்பாற்றாது. நமக்குச் சிலையும் காப்பாற்றவில்லை: மாநிலக் கல்லூரி வளாகத்தில் உ.வே.சா. சிலையாக நிற்கிறார், திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த தியாகராச விலாசத்தை 2012-இல் இடித்தார்கள். ஆனால் லண்டன்காரர்கள் பலகையை நிறுத்தவில்லை, அங்கே இன்று தெருவில் நடந்தாலே படிப்புதான்.

தமிழ்நாட்டில் ஒரு விஷயத்தில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பாரதியின் எழுத்தை 1949-இல் அரசு வாங்கியது, பிறகு பொதுச்சொத்தாக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று வந்ததால்தான் மலிவுப் பதிப்பாக அவர் நடைபாதை வரைக்கும் வந்தார். எத்தனை அடி உயரச் சிலையும் அந்த வேலையைச் செய்யாது. மறைமலையடிகள் தான் சேர்த்து வைத்த நூல்களைப் பொதுமக்களுக்கென்று விட்டுப் போனார். 1958-இல் இலிங்கிச் செட்டித் தெருவில் அது நூலகமாக நின்றது. பின்னாளில் எழும்பூர் கன்னிமாரா நூலக வளாகத்துக்குப் போய்விட்டது. தெற்கே போனதில் எனக்கு இன்னும் கொஞ்சம் பொறாமை உண்டு.

மாநகராட்சிக்கு என் கோரிக்கை சின்னது. புதுச் சிலை வேண்டாம், மணிமண்டபம் வேண்டாம். ஏழுகிணறு, தங்கசாலை, கொண்டித்தோப்பு, பெரம்பூர், வியாசர்பாடி ஸ்டேஷன், இந்த ஐந்து இடங்களில் கண் மட்டத்தில் ஒரு கல்வெட்டு. அந்த எழுத்தாளர் இங்கே என்ன செய்தார் என்று நாலு வரி, அவருடைய எழுத்திலிருந்து இரண்டு வரி. கொண்டித்தோப்பில் பெயர் தெரியாதவர்களுக்கு என்றே போடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கல்வெட்டில் திறந்து வைத்தவர், முன்னிலை, தலைமை, வட்டச் செயலாளர் என்று இருபது பெயர் இருக்கக்கூடாது. அதற்குத்தான் இடம் வேண்டும் என்றால் சொல்லிவிடுங்கள், பின்பக்கம் முழுக்க அவர்களுக்கே விட்டுவிடலாம்.