விக்கிற அன்னிக்கு இன்ஜினை சூடு பண்ணி வைக்காதீங்க

போன வாரம் என் வண்டியை குடுத்துட்டேன். 1972 மாடல் ஹோண்டா சிபி750, கஃபே ரேசரா, அதாவது பழைய ரேஸ் வண்டி மாதிரி ஒத்த சீட்டோட, மாத்தினது. மூணு வருஷத்து சனி ஞாயிறு மொத்தமும் அதுலதான் போச்சு.

"ரீஸ்டோர் பண்ணின கஸ்டம் பைக்"னுதான் முதல்ல விளம்பரம் போட்டேன். ஒரு பெரியவர் போன் பண்ணி எடுத்த எடுப்புலயே, "தம்பி, ரீஸ்டோரா கஸ்டமா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க"ன்னுட்டாரு. சுருக்குன்னுச்சு, ஆனா அவர் கேட்டது நியாயம்தான். இன்ஜினை இறக்கி ரிங் மாத்தி வால்வு வேலை பாத்து நாலு கார்புரேட்டரையும் ஒரே சீரா வேலை செய்யற மாதிரி சிங்க் பண்ணினது ரீஸ்டோர். பின் சேசிஸை அறுத்து வளையம் வெல்டிங் வச்சு ஒத்த சீட் போட்டது? 1969ல இந்த வண்டி வந்தப்போ எல்லாரும் வாயை பிளந்ததே அந்த நாலு சிலிண்டருக்கும் முன்பக்க டிஸ்க் பிரேக்குக்கும்தான், சிலிண்டருக்கு ஒண்ணுன்னு பக்கத்துக்கு ரெண்டா நாலு சைலன்சர் நிக்கிற அழகே தனி, அதை கழட்டி மூலையில போட்டுட்டு ஒரே சைலன்சர் மாட்டின ஆளு நான். ஒரிஜினல் கேக்கிறவன் அறுத்த சேசிஸை பாத்ததும் கிளம்பிடுவான், கஸ்டம் கேக்கிறவனுக்கு என் ரசனை வேணாம், அவனோடது வேணும். இன்ஜினுக்கு போட்ட காசாவது கொஞ்சம் திரும்புது, சீட்டுக்கும் பெயிண்டுக்கும் மெனக்கெட்டதுக்கு எவனும் காசு தரமாட்டான்.

அப்புறம் அந்த சூடு மேட்டர். முதல்ல பாக்க வந்தவர் வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு ஆஃப் பண்ணி வச்சிருந்தேன், பெரிய புத்திசாலின்னு நெனப்பு. அவர் வண்டியை சுத்திக்கூட பாக்கல, நேரா சிலிண்டர் பக்கத்துல கையை கொண்டு போனாரு, சிரிச்சாரு, டீசன்டா பேசிட்டு போயிட்டாரு. போனவர் போனவர்தான். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினாத்தான் குறை தெரியும், முன்னாடியே சூடு பண்ணி வச்சா எதையோ மறைக்கிறான்னுதான் நெனப்பாங்க.

அடுத்தவருக்கு எல்லாத்தையும் போன்லயே சொல்லிட்டேன். இந்த வண்டிக்கு ஆயில் டேங்க் தனி, ரொம்ப நாள் நின்னா ஆயில் கசிஞ்சு கீழ இன்ஜினுக்குள்ள இறங்கிடும், ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் நீலப்புகை வரும், ஓட ஓட நின்னுடணும், நிக்கலைன்னா வாங்காதீங்கன்னேன். மனுஷன் சைலன்சர் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து புகை சுத்தமா நிக்கிற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. இன்ஜினுக்கு காத்து போற ஏர் பாக்ஸை எடுத்துட்டு ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனித்தனி பாட் ஃபில்டர் போட்டதுல இருந்து பாதி த்ராட்டில்ல வண்டி ஒரு மாதிரி திணறும், கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவை தீர்மானிக்கிற ஜெட்டை எத்தனை தடவை மாத்தியும் முழுசா சரியாகல, அதையும் சொன்னேன். (பாட் ஃபில்டர் பாக்க அழகு, அவ்வளவுதான்.) பேப்பர்ல இருக்கிற சேசிஸ் நம்பரையும் வண்டியில அடிச்சிருக்கிறதையும் போட்டோ எடுத்து முதல்லயே அனுப்பியிருந்தேன், அதுல பேச்சே வரல.

"பழைய ஏர் பாக்ஸ் இருக்கா?"

இருந்துச்சு. கழட்டின எதையும் நான் தூக்கிப் போடல, வீட்டுல திட்டு வாங்கிட்டே வச்சிருந்தேன். பெட்டியை கொண்டு வந்து வச்சதும் வண்டியை விட்டுட்டு அதுக்கு முன்னாடி உக்காந்துட்டாரு. நாலு சைலன்சர், சைடு கவர், ஏர் பாக்ஸ், அடியில பேப்பர்ல சுத்தின ரெண்டு இரும்புத் துண்டு, நான் சேசிஸ்ல இருந்து அறுத்தது. அறுத்த முனையை விரலால தடவிப் பாத்துட்டு, "இதையும் சேத்துதானே விலை?"ன்னாரு.