'வாட்டில்' முதலில் மரத்தின் பெயரே அல்ல

நீலகிரியில் சீகை (ஆங்கிலத்தில் வாட்டில்) மரங்களை அகற்றுவது பற்றிய கட்டுரையில், 'வாட்டில்' என்பது ஆஸ்திரேலியப் பழங்குடிச் சொல் என்று போட்டிருக்கிறீர்கள். அது பிழை, தயவுசெய்து திருத்துங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே 'வாட்டுல்' என்று இருந்த சொல் அது. பொருள், நம்மூர்ப் படல்தான்.

குச்சிகளை நட்டு, பச்சை விளார்களை ஒன்றுக்கு முன்னும் அடுத்ததற்குப் பின்னுமாக நெருக்கிப் பின்னுவார்கள். மேல் வரிசை இதற்கு நேர்மாறாக வர வேண்டும். இல்லையென்றால் பின்னல் பிடிக்காது. காய்ந்த விளார் வளைக்கும்போதே ஒடிந்துவிடும். அதன்மேல் களிமண், சாணம், நறுக்கிய வைக்கோல் குழைத்து அப்பினால் சுவர். வைக்கோல் குறைந்தாலோ, ஒரே பூச்சில் தடிமனாக அப்பினாலோ காயும்போது வெடிப்பு விடும்.

1788இல் சிட்னியில் குடியேறிய ஆங்கிலேயர் இப்படித்தான் குடிசை கட்டினார்கள். விளார் கொடுத்த மரங்களுக்கே வாட்டில் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே முதலில் 'கறுப்பு வாட்டில்' எனப்பட்டது கல்லிகோமா என்ற வேறு மரம். அது அக்கேசியா என்ற வேல மர இனமே இல்லை. இன்று ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அந்தப் பெயரில் நிற்பது, பட்டை தோல் பதனிட உதவும் அக்கேசியா மெர்ன்சி.

சேவலின் அலகுக்குக் கீழே தொங்கும் சிவப்புச் சதைக்கும் இதே பெயர் உண்டு. அதன் வேர் உறுதியாகவில்லை. படலோடு முடிச்சுப் போட வேண்டாம்.

இன்னொன்று: சீகை வேறு, சீயக்காய் வேறு. சீயக்காய் நம் மண்ணின் கொடி.