எதை இலவசம் என்கிறோம்?

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் தங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முந்தைய ஆண்டு மிக்ஜாம் புயலில் கார் மூழ்கியவர்கள் வேறென்ன செய்வார்கள்? அவர்களை நான் குறை சொல்லவில்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அந்தச் சூட்டில் வண்டிப் புகைக்கும் பங்குண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தூர்த்துச் சாலை போட்ட ஊரில், காருக்குப் புகலிடமும் மேம்பாலமாகவே இருந்த அந்தக் காட்சி என் மனதை விட்டு அகலவில்லை.

கார் வாங்குவது அவரவர் விருப்பம் என்று பேச்சை முடித்துவிடுகிறோம். அந்த விருப்பத்துக்குப் பின்னால் அரசின் பணம் இருக்கிறது. 1990களின் நடுவிலிருந்து ஃபோர்டு, ஹூண்டாய் என ஒவ்வொரு நிறுவனத்தையும் அழைத்துவர நிலத்திலும் மின்சாரத்திலும் விற்பனை வரியிலும் தமிழ்நாடு சலுகைகளை வாரி வழங்கியது. மறைமலைநகர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் அதனால் எத்தனையோ குடும்பங்கள் தலையெடுத்தன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால், கார் விற்றால்தான் வேலையும் வரி வருவாயும் என்றாகிவிட்ட ஓர் அரசு, கார் தேவைப்படாத நகரத்தை முழுமனதோடு கட்டுமா? ஒரகடத்தில் ஷிப்ட் முடியும் நேரத்தில் நின்று பாருங்கள்: கார் செய்யும் தொழிலாளர்கள் கம்பெனி பஸ்களில் ஏறித்தான் வீடு திரும்புகிறார்கள். ஆயிரக்கணக்கானோரைக் குறித்த நேரத்தில் கொண்டுசேர்க்க பஸ்ஸை விட்டால் வழியில்லை என்பது முதலாளிகளுக்கு நன்றாகவே தெரியும்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, இலவசம் நாட்டைக் கெடுக்கும் என்று என்னிடம் வாதிட்டவர்களில் பலர், பொதுச் சாலையில் ஒரு காசு கொடுக்காமல் காரை நிறுத்துபவர்கள். ஒரு கார் நிற்க ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வேண்டும். பலர் குடியிருக்கும் வாடகை அறையே அவ்வளவுதான். அந்த இடத்தை இலவசம் என்று யாரும் கணக்கெழுதுவதில்லை.

எங்கள் பேருந்து நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு தினமும் காலையில் ஒரு கார் நிற்கிறது. பேருந்து நடுச்சாலையில் நிற்க, பூக்கூடையை இடுப்பில் இடுக்கிய அம்மா ஒருவர், ஹாரன் அடிக்கும் பைக்குகளுக்கு நடுவே புகுந்து ஓடுவார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி அவருக்காகக் காத்திருப்பார். மின்சாரக் காருக்குச் சாலை வரி விலக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நாளை அங்கே மின்சாரக் கார் நின்றாலும் அந்த அம்மா ஓடத்தான் வேண்டும்.

போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று சென்னை மாநகராட்சி 2014இலேயே கொள்கை வகுத்தது. அந்தக் கணக்கை வார்டு வார்டாகக் கேட்போம். எங்கள் வார்டில் நான் கேட்கப்போகிறேன்.