வினைச்சொல்லைத் திருத்தினது போதும், செய்முறைப் பக்கத்தை வாசியுங்கள்

ஒரு பீடத்தின் விரிவுரையாளர்கள் கூடுகிற பீடச் சபைக்குப் புதிய பாடநெறி ஒன்று வந்தால் என்ன நடக்கும் என்று கம்பஸில் வேலை செய்கிற எவருக்கும் தெரியும். அறுபது, எழுபது பக்க ஆவணம் முதல் நாள் பின்னேரம் மின்னஞ்சலில் வந்து விழும். அடுத்த நாள் நிகழ்ச்சி நிரலின் கடைசியில் அது கிடக்கும். அந்த இடத்துக்கு வரும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். பாடம் முடியும்போது பிள்ளைக்கு என்ன தெரிய வேண்டும் என்று வினைச்சொற்களில் எழுதியிருக்கிற மூன்றாம் பக்கத்தை ஒருவர் திறப்பார். "இதில 'அண்டர்ஸ்டாண்ட்' எண்டு இருக்கு சேர், அது அளக்கேலாத சொல். 'எக்ஸ்ப்ளெயின்' எண்டு மாத்துங்க" என்பார். மற்றவர் 'அனலைஸ்' என்று போட்டால் மட்டம் கூடும் என்பார். இன்னொருவர் 'கிரியேட்' கேட்பார். நாற்பது நிமிடம் போய்விடும். பிறகு, "திருத்தங்களுக்கு உட்பட்டு அங்கீகரிக்கப்பட்டது." கூட்டம் கலைந்துவிடும்.

நாற்பத்தோராம் பக்கத்தில் செய்முறை வகுப்புகளின் அட்டவணை இருக்கிறது. அதை ஒருவரும் திறக்கவில்லை. அந்தப் பாடத்தைப் படிக்கப் போகிற பிள்ளையின் நாலு வருடம் அந்த ஒரு பக்கத்தில்தான் தங்கியிருக்கிறது.

இது ஒரு கம்பஸின் குறை இல்லை, நாடு முழுக்க இதுதான் வழக்கம். ஆனால் கிழக்கில் இதன் விலை அதிகம். 1986இல் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் 1996இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் முழுப் பல்கலைக்கழகங்களாக வந்தபோது, இந்த மண்ணின் களப்பையும் (கடலோர உப்புநீர் ஏரி) வயலையும் கடலையும் இங்கேயே படிக்கலாம் என்று சனம் நம்பியது. அந்த நம்பிக்கைக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதை, வாசிக்காத ஆவணத்துக்குக் கை உயர்த்துவதா?

ஒரு உதாரணத்தை எடுத்து முழுக்கக் கணக்குப் பார்ப்போம். புதிய பட்டப் பாடநெறி ஒன்றில் 'களப்புச் சூழலியல்' என்று மூன்று கிரெடிட் பாடம் ஒன்றைக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். பட்டங்களின் மட்டத்தையும் பாரத்தையும் வகுக்கிற இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது பிள்ளை செய்கிற 50 மணி வேலை. மூன்று கிரெடிட்டுக்கு 150 மணி. விரிவுரை என்றால் 15 மணி ஒரு கிரெடிட், செய்முறை என்றால் 30 மணி ஒரு கிரெடிட். ஆகவே இரண்டு கிரெடிட் விரிவுரைக்கு 30 மணி, ஒரு கிரெடிட் செய்முறைக்கு 30 மணி, வகுப்பில் இருக்கும் நேரம் 60 மணி. மிச்சம் 90 மணியில் வாசிப்பு, அறிக்கை எழுதுதல், ஒப்படை, சோதனைக்குப் படித்தல் எல்லாம் அடங்க வேண்டும்.

நடப்பது வேறு. பழைய பாடத்திட்டத்தில் இருந்த 45 மணி விரிவுரையை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு மேலே 30 மணி செய்முறையைக் கூட்டுகிறார்கள். வகுப்பு நேரம் 75 மணி ஆகிறது. சுயகற்றல் நிரலில் 75 என்று எழுதினால் கூட்டுத்தொகை 150, அட்டவணை சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் 45 மணி விரிவுரை மூன்று கிரெடிட், 30 மணி செய்முறை ஒரு கிரெடிட். மொத்தம் நாலு. பிள்ளை நாலு கிரெடிட்டின் பாரத்தைச் சுமக்கிறது, பெறுபேற்றில் மூன்றுதான் விழுகிறது. ஒரு அரையாண்டில் இப்படி ஐந்து பாடம் வந்தால் 15 கிரெடிட் என்று எழுதின இடத்தில் 20 கிரெடிட்டின் வேலை. பிறகு பிள்ளைகள் விரிவுரைக்கு வருவதில்லை என்று குறை சொல்கிறோம். ஒரு கல்குலேட்டரும் ஐந்து நிமிடமும் இருந்தால் பீடச் சபையிலேயே இதைப் பிடிக்கலாம். பிடிக்காமல் விடுவது சோம்பல், வேறு பெயர் அதற்கு இல்லை.

அடுத்தது ஆட்கணக்கு. வருடத்துக்கு 60 பிள்ளைகள் என்று எழுதியிருக்கும். ஆய்வுகூடத்தில் இருக்கிறது 20 இருக்கை. அப்படியென்றால் மூன்று குழு. 30 மணிச் செய்முறையை மூன்று தரம் நடத்த வேண்டும், 90 மணி. ஆவணத்தில் விரிவுரையாளரின் வேலைப்பாரம் என்ற இடத்தில் 30 என்றே இருக்கும். மிச்ச 60 மணிக்கு யார் நிற்கிறது? செய்முறை வகுப்புக்கு உதவுகிற தற்காலிக டெமன்ஸ்ரேட்டரை எடுக்கலாம் என்று சொல்வது சுகம். அவருக்கு ஒப்பந்தம் முடிகிற நாள் எது, அடுத்தவரை எடுக்கப் பணம் எந்த வரவுசெலவுத் தலைப்பில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. நிரந்தர ஆளணி வேண்டுமென்றால் அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோடு நிற்காது, முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் வரைக்கும் போக வேண்டும். பாடம் தொடங்கின பிறகு அந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினால், முதல் தொகுதிப் பிள்ளைகள் பட்டம் வாங்கிப் போன பிறகுதான் ஆள் வரும்.

களப்புக்குப் போவோம். மாதிரி எடுக்கத் தோணி வேண்டும். ஒரு தோணியில் பாதுகாப்பாக ஐந்து பிள்ளைகள் என்றால் 60 பேருக்கு 12 ஓட்டம். உயிர்காப்பு அங்கி எத்தனை இருக்கிறது? எண்ணெய்க்கு யார் காசு கொடுக்கிறது? தோணிக்காரருக்கு நாள் கூலி எந்த ரசீதில் போகிறது? நிதியாளர் பிரிவு கேட்கப்போகிற கேள்விகள் இவைதான். அங்கே பதில் இல்லாவிட்டால் களப்பயணம் ரத்து. பிறகு பிள்ளைகள் களப்பை பவர்பொயின்ற்றில் பார்த்துவிட்டு, உவர்த்தன்மையை யாரோ அளந்த அட்டவணையில் இருந்து கொப்பி பண்ணி அறிக்கை கொடுக்கும். களப்பு வாசலில் இருந்து ஐந்து நிமிட நடையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கே இந்தக் கதி.

எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் காலம். பாடத்தை எந்த அரையாண்டில் வைப்பது என்ற நிரலில் இடம் காலியாக இருந்த பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் பக்கம் வடகீழ்ப் பருவமழை நவம்பரில் இருந்து ஜனவரி வரைக்கும் அடித்து ஊற்றும். ஆற்று வெள்ளம் களப்பில் இறங்கும், களப்பு கடலோடு சேருகிற முகத்துவாரம் வெட்டும், தண்ணீரின் உப்பு இறங்கிவிடும். அந்த நேரம் ஐந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு சின்னத் தோணியில் போக ஏலாது. சரி, மழைக்காலத்தில்தான் அளக்கிறோம் என்றாலும், உப்பு ஏறி நிற்கிற கோடைக்கால அளவு இல்லாமல் எதோடு ஒப்பிடுவது? கோடையில் ஒரு தரம், மழைக்குப் பிறகு ஒரு தரம் என்று இரண்டு அரையாண்டுக்குப் பிரித்து வைக்க வேண்டிய பாடம் இது. கொழும்பு வார்ட் பிளேஸில், ஆணைக்குழு அலுவலகத்தில் இருந்து ஆவணத்தை வாசிக்கிறவருக்கு இது தெரிய நியாயம் இல்லை. பீடச் சபையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மாரி மழையில் முழங்கால் தண்ணீரில் நடந்து கம்பஸுக்கு வந்த ஆக்கள்தான் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்கவில்லை என்றால் வேறு எந்தப் படியிலும் இது பிடிபடாது.

எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள். துறைக் கூட்டம், பீடத்தின் பாடத்திட்டக் குழு, பீடச் சபை, உள்ளகத் தர உறுதிப் பிரிவு, பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களைத் தீர்மானிக்கிற மூதவை, நிர்வாகத்தைப் பார்க்கிற பேரவை, பிறகு மானியங்கள் ஆணைக்குழுவின் நிலையியற் குழுவும் வெளி மதிப்பீட்டாளர்களும். மாதத்துக்கு ஒரு தரம் கூடுகிற கூட்டங்கள். ஒரு தடையும் இல்லாமல் போனாலே அரை வருடத்துக்கு மேல். ஒவ்வொரு படியிலும் ஒரு கமாவுக்காகத் திரும்பி வந்தால்? உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஆணைக்குழு வெளியிடுகிற அனுமதிக் கைநூலில் புதிய பட்டத்தின் பெயரும் விண்ணப்பத்தில் அதைத் தெரிவுசெய்கிற குறியீடான யூனிகோட்டும் ஏறினால்தான் பிள்ளைகள் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஒரு கூட்டம் தவறினால் அந்தக் கைநூல் தவறும். கைநூல் தவறினால் முழு வருடம் போச்சு. "மறுகா பாப்பம்" என்று லேசாகச் சொல்கிற ஒரு வார்த்தையின் எடை ஒரு தொகுதிப் பிள்ளைகள்.

திரும்பி வருகிற விதமும் கொடுமை. "திருத்தங்களுக்கு உட்பட்டு" என்று கூட்டறிக்கையில் எழுதுகிறார்கள். எந்தத் திருத்தம்? யார் சொன்னது? திருத்தினதை யார் பார்த்து ஓம் என்று சொல்ல வேண்டும்? ஒன்றும் இருக்காது. பாடத்தை எழுதின இளம் விரிவுரையாளர் தனக்கு நினைவிருந்ததைத் திருத்தி அனுப்புவார். துறைத் தலைவர் ஒரு பிரதியில் கை வைப்பார், பாடத்திட்டக் குழுச் செயலாளர் இன்னொரு பிரதியில். 'பைனல்', 'நியூ பைனல்', 'பைனல் கரெக்டட்' என்று மூன்று கோப்பு ஓடித் திரியும். மூதவைக்குப் போனது பழையது. மதிப்பீட்டுப் புள்ளிகளைக் கூட்டினால் 110 வருகிறது என்று அங்கே ஒருவர் கண்டுபிடிப்பார். இரண்டு மாதத்துக்கு முன்னமே திருத்தப்பட்ட பிழை அது. மறுபடி முதல் படி.

இன்னொன்று, பக்கத்துத் துறையின் எதிர்ப்பு. புவியியலில் இருக்கிற பாடத்தோடு விலங்கியலில் வருகிற பாடம் மோதுகிறது என்றால் அதைத் துறை மட்டத்தில் இரண்டு தலைவர்கள் ஒரு தேத்தண்ணியோடு கதைத்து முடிக்கலாம். அங்கே பேசாமல் இருந்துவிட்டு மூதவையில் எழுந்து நின்று சொல்கிறார்கள். பாடத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இவ்வளவு இழுபறி பட்டப்படிப்புக்கு. கலாநிதிப் பட்ட நிகழ்ச்சித்திட்டம் ஒன்று வந்தால் எல்லாம் தலைகீழ். பாட அட்டவணை பெரிதாக இல்லை, வினைச்சொல் குறைவு, ஆகவே கேள்வியும் குறைவு. பத்து நிமிடத்தில் போய்விடும். கட்டணத்துக்காக நிதிக் குழுவில் நிற்கிற நேரம்கூட உள்ளடக்கத்துக்காகப் பீடச் சபையில் நிற்பதில்லை. தகைமைகள் சட்டகத்தின் பன்னிரண்டாம் மட்டம், நாட்டின் மிக உயர்ந்த தகைமை, ஆகக் குறைந்தது மூன்று வருட முழுநேர ஆய்வு. அதற்குப் பத்து நிமிடம்!

அங்கே வாசிக்க வேண்டியது ஒரே ஒரு அட்டவணை: மேற்பார்வையாளர் பட்டியல். எட்டுப் பெயர் இருக்கும், பார்க்க வடிவாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று விடயத்தை எழுதிப் பாருங்கள். எப்போது 65 வயது? 63 வயதில் இருக்கிறவர் இன்றைக்குப் பதிகிற மாணவரின் மூன்றாம் வருடத்துக்கு முன்னம் ஓய்வு பெற்றுவிடுவார். அடுத்தது, ஏழு வருடம் சேவை முடிந்து சபாட்டிக்கல் லீவில் (ஆய்வுக்கான நீண்ட விடுமுறை) போகப் போகிறாரா, சம்பளமற்ற லீவில் ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கிறாரா? மூன்றாவது, இப்போது எத்தனை முதுதத்துவமாணி, கலாநிதி மாணவர்கள் அவரிடம் இருக்கிறார்கள்? முதுமாணி ஆய்வுகளும் சேர்த்து. இப்படிக் கழித்துக்கொண்டு வந்தால் எட்டு இரண்டாகவும் போகலாம். அந்த இரண்டில் ஒருவர் பீடாதிபதியாக இருந்தால் அவருக்கு மாணவரின் அத்தியாயத்தை வாசிக்க நேரம் எங்கே?

மேற்பார்வையாளர் இல்லாமல் போகிற மாணவர் பெரும்பாலும் வேலை செய்துகொண்டு படிக்கிறவர். ஆசிரியர், வங்கி உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தில் இருக்கிறவர். கட்டணம் கட்டியாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்து வேண்டும், கையெழுத்துப் போட ஆள் இல்லை. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி காலாவதியாகிவிடும். வேறு ஆளை நியமிக்க உயர்பட்டக் குழு, பீடச் சபை, மூதவை என்று மறுபடி அதே ஏணி. வருகிறவர் வேறு துறை ஆள், தலைப்பை மாற்றச் சொல்கிறார். இப்படி நடுவில் நிற்கிறவர்களை 'டிராப் அவுட்' என்று பதிவேட்டில் எழுதுகிறோம். அவர் விட்டுப் போகவில்லை. நாங்கள் கை உயர்த்தின அன்றைக்கே அவரைக் கைவிட்டுவிட்டோம்.

பரீட்சகர்களையும் அப்போதே கேட்க வேண்டும். அந்தத் துறையில் வெளிப் பரீட்சகராக இருக்கத் தகுதியான எத்தனை பேர் நாட்டில் உண்டு, அவர்களில் எத்தனை பேர் எங்கள் மேற்பார்வையாளர்களோடு சேர்ந்து கட்டுரை எழுதாதவர்கள்? ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிற ஆக்களின் பிரச்சினை இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதில்தான் தொடங்குகிறது.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பீடச் சபையை உண்டாக்கி அதில் விரிவுரையாளர்களை உட்கார வைத்தது பாடம் தெரிந்தவர்கள் பாடத்தைப் பார்க்கட்டும் என்றுதான். மேலே போகப் போக வடிவத்தைத்தான் பார்ப்பார்கள், அது அவர்கள் வேலை. எங்கள் படியில் உள்ளடக்கம் விடுபட்டால் அது கடைசி வரைக்கும் விடுபட்டதுதான்.

ஆவணம் கூட்டத்துக்குப் பத்து நாளுக்கு முன்னம் வராவிட்டால் நிகழ்ச்சி நிரலில் ஏற்றாதீர்கள், பீடாதிபதியின் ஆவணமாக இருந்தாலும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரின் பெயரைப் போட்டு வாசிக்கக் கொடுங்கள், ஒருவர் வேறு துறையில் இருந்து. அவர்கள் எழுத்தில் ஒரு பக்கம் தரட்டும். வினைச்சொல், எழுத்துப்பிழை, குறியீட்டு எண் எல்லாம் மின்னஞ்சலில் போகட்டும், கூட்டத்தில் அதற்கு ஒரு நிமிடமும் கொடுக்காதீர்கள். முதல் சுற்றில் சொல்லாத குறையை இரண்டாம் சுற்றில் புதிதாகக் கிளப்ப ஒருவருக்கும் இடம் வைக்காதீர்கள். கூட்டறிக்கையில் திருத்தத்தின் பக்க எண், சொன்னவரின் பெயர், சரிபார்க்கிறவரின் பெயர், திகதி, நாலும் இருக்கட்டும்.

அடுத்த மாதம் ஒரு ஆவணம் வரும். செய்முறைப் பக்கத்தை முதலில் திறவுங்கள். எத்தனை பிள்ளை, எத்தனை இருக்கை, எந்த மாதம், எத்தனை தோணி என்று கேளுங்கள். கலாநிதித் திட்டம் என்றால் மேற்பார்வையாளரின் ஓய்வுத் திகதியைக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் எது இல்லை என்று எழுதி அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.