புதுப் போன் எடுக்க முதல் பழையதின் பற்றரியைப் பாருங்கள்

எங்கள் பக்கத்தில் மூன்று நான்கு வருடம் பாவித்த போன் கொஞ்சம் இழுக்கத் தொடங்கினால் வீட்டில் வருகிற தீர்ப்பு ஒன்றுதான்: "இது பழசாகிட்டு, மாத்தத்தான் வேணும்." அடுத்த சனிக்கிழமை மட்டக்களப்பு டவுனுக்கோ கல்முனைக்கோ ஒரு பயணம், தவணைக்கு ஒரு புதுப் போன், பழையது மேசை லாச்சிக்குள். சொந்தக்காரர் மத்தியில் போன் பார்த்துக் கொடுக்கிற ஆள் நான் என்பதால் இப்படி லாச்சிக்குள் போன போன்கள் நிறைய என் கைக்கு வந்திருக்கின்றன. பலதுக்குப் பெரிய நோய் ஒன்றும் இல்லை. பற்றரி களைத்திருக்கும், ஸ்டோரேஜ் முட்டி நிற்கும், அவ்வளவுதான்.

கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இது காசு விஷயம். 2022 மார்ச்சில் இலங்கை ரூபாவின் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்க விட்டார்கள். 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. நாங்கள் வாங்குகிற போன் எல்லாம் இறக்குமதி என்பதால் அந்த அடி நேராக விலையில் விழுந்தது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது, அதுவரை விலக்கில் இருந்த போனும் அதற்குள் வந்தது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை என்பதை யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. இந்த நிலையில் ஒரு பற்றரி மாற்றினால் இன்னும் இரண்டு வருடம் ஓடக்கூடிய போனைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாதாமாதம் தவணை கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

போனுக்குள் இருக்கிற சிப் தேய்வதில்லை. வாங்கிய அன்று என்ன வேகத்தில் ஓடியதோ அதே வேகத்தில் இன்றும் ஓடக்கூடியது. தேய்வது பற்றரி. லித்தியம் அயன் பற்றரியை ஒவ்வொரு முறை சார்ஜ் பண்ணும்போதும் கொஞ்சம் லித்தியம் உள்ளே ஒரு படலமாகப் படிந்து, திரும்ப வேலைக்கு வராமல் போகிறது. கொள்ளளவு குறைகிறது, உள்ளே மின்தடை கூடுகிறது. பலருக்குத் தெரிவது முதலாவதுதான், தொல்லை தருவது இரண்டாவது. கமரா திறந்தால், வீடியோ கோல் எடுத்தால் போன் திடீரென்று கூட மின்சாரம் கேட்கும். தளர்ந்த பற்றரியால் அதைக் கொடுக்க முடியாது, வோல்டேஜ் சடாரென்று விழும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் அணைந்து போவது அதனால்தான்.

இதற்கும் வேகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு அப்பிள் கதையைத்தான் சொல்வேன். 2017 டிசம்பரில் அந்தக் கம்பனி ஒன்றை ஒத்துக்கொண்டது. பற்றரி தளர்ந்த பழைய ஐபோன்கள் இப்படித் திடீரென்று அணையாமல் இருக்க, அப்டேட் ஒன்றின் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்திருக்கிறது. வைத்திருந்தவர்களுக்கு அதை ஒழுங்காகச் சொல்லவில்லை. சத்தம் பெரிதானதும் பற்றரி மாற்றுகிற கட்டணத்தை 79 டொலரில் இருந்து 29 டொலருக்கு இறக்கியது. 2020இல் பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ தண்டம் போட்டது. அமெரிக்காவில் வழக்கை முடிக்க 500 மில்லியன் டொலர் வரை கொடுக்க அப்பிள் சம்மதித்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது தண்டக் காசு இல்லை. பற்றரியை மாற்றியவர்களுடைய போன் பழைய வேகத்துக்குத் திரும்பியது, அதுதான். அன்ட்ரொயிட்டில் எல்லாக் கம்பனியும் இப்படி வேகத்தைக் குறைக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் திடீரென்று அணைகிற வருத்தம் எல்லாப் போனுக்கும் ஒன்றுதான்.

இனி எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பற்றரிக்கு முதல் எதிரி சூடு. ஐபோனைப் பாவிக்கச் சுற்றுச் சூழல் வெப்பம் 35 பாகைக்கு மேல் போகக்கூடாது என்று அப்பிள் எழுதி வைத்திருக்கிறது. தென்மேற்கில் இருந்து வரண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மட்டக்களப்பில் பல நாள் நிழலிலேயே அந்தக் கணக்குத் தப்பிவிடும். அதற்குள் நாங்கள் செய்கிற வேலையைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் ஸ்டாண்ட் பூட்டி, வழி பார்க்கக் கூகுள் மப் போட்டு, மத்தியான வெயிலில் ஆரையம்பதியில் இருந்து கல்லடிப் பாலம் தாண்டி டவுன் வரைக்கும் போன் வெயில் குளிக்கிறது. ஓட்டோவில் முன் கண்ணாடிக்குக் கீழே கிடந்து வேகிறது. வயலில் வரம்பில் வைத்துவிட்டு இறங்குவார்கள், திரும்பி வந்து எடுத்தால் கையில் பிடிக்க ஏலாது. பிள்ளைகள் சார்ஜில் போட்டபடியே பிரீ பயர் விளையாடுகிறார்கள், அதுவும் தடித்த ரப்பர் கவரோடு. இரவில் தலையணைக்குக் கீழே சார்ஜ். இவ்வளவையும் தாங்கி ஒரு பற்றரி மூன்று வருடம் நின்றால் அதற்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

சூட்டோடு முழுச் சார்ஜும் சேர்ந்தால் இன்னும் மோசம். 40 பாகை வெப்பத்தில் 100 சதவீதச் சார்ஜோடு ஒரு வருடம் கிடக்கிற லித்தியம் பற்றரி தன் கொள்ளளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். பாதிச் சார்ஜில் கிடந்தால் இழப்பு அதில் பாதிக்கும் குறைவு. எங்கள் ஆட்களுக்கோ 100ஐக் காணாவிட்டால் மனம் ஆறாது. அதற்கும் ஒரு காரணம் இருக்கு என்று நினைக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். கரண்ட் வந்த நேரம் எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிற பழக்கம் அப்போது வந்தது, பிறகு போகவே இல்லை. இப்போது 80, 85இல் கழற்றினால் போதும். பல போன்களில் அந்த அளவோடு தானாக நிறுத்துகிற வசதி செற்றிங்ஸிலேயே இருக்கிறது. "பூச்சியம் வரைக்கும் இறக்கிப்போட்டுத்தான் ஏத்த வேணும்" என்கிற ஆலோசனை நிக்கல் காட்மியம் பற்றரிக் காலத்தது. அதை இப்போதைய போனுக்குச் செய்தால் கெடுதல்தான்.

பெரியம்மா ஒருவரின் போனை டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கடை எது என்பது இங்கே தேவையில்லை. "மதர்போட் போயிட்டு, இதைத் தந்துட்டுப் புதுசு எடுங்க, விலையில கழிச்சுத் தாறம்" என்றிருக்கிறார்கள். பெரியம்மா அதை நம்பிக்கொண்டே என்னிடம் வந்தார்: "மனே, இதுக்குள்ள கட்டாரில இரிக்கிற உன்ட மச்சான்ட படமெல்லாம் கிடக்கு, அதை மட்டும் எடுத்துத் தா." போனை மேசையில் குப்புற வைத்துப் பார்த்தேன். பின்மூடியின் நடுப்பகுதி லேசாகப் பொங்கி, ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்கு வாய் திறந்திருந்தது. பற்றரி ஊதியிருக்கிறது. மதர்போட்டுக்கு ஒன்றும் இல்லை.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் சின்னக் கடையொன்றில் இந்த வேலை செய்கிறார். அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் போனை அணைத்தார். பின்மூடியின் ஓரங்களை மிதமாகச் சூடாக்கினார், பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகடொன்றை நுழைத்து மெதுவாகச் சுற்றிக் கொண்டுபோனார். மூடி வந்ததும் முதல் வேலையாகப் பற்றரியின் இணைப்பைக் கழற்றினார், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பற்றரி வெள்ளித்தாள் பை போல உப்பிக் கிடந்தது. அதன் அடியில் இரண்டு துளி ஸ்பிரிட் விட்டுப் பொறுத்திருந்தார். இரும்பால் நெம்பவில்லை. "இதுல ஓட்டை விழுந்தா நெருப்புத்தான் அண்ணே" என்றார். 2016இல் சாம்சங் நோட் 7 போன்கள் பற்றரிக் கோளாறால் தீப்பிடித்து, உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அவருடைய பயம் விளங்கும். புதியதைப் பூட்டி, மூடியை ஒட்டி, ரப்பர் வளையம் போட்டுக் காய வைத்தார். பெரியம்மா இப்போதும் அதே போனில்தான் கட்டாருக்குக் கதைக்கிறார்.

பற்றரி மாற்றப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். "ஒரிஜினல்" என்று சொன்னவுடன் நம்ப வேண்டாம். பழைய பற்றரியின் கொள்ளளவு 4000 மில்லிஅம்பியர் மணி (mAh) என்றால், அதே பருமனில் 6000 என்று அச்சடித்து வருவது பொய். வொரண்டியைப் பில்லில் எழுதி வாங்குங்கள். மற்றது, ஒருமுறை திறந்த போனுக்கு முன்பிருந்த தண்ணீர்க் காப்பு அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாவியில் தோணியேறுகிற ஆட்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள்.

பற்றரி நன்றாக இருந்தும் போன் இழுத்தால் பெரும்பாலும் ஸ்டோரேஜ். போன் நினைவகத்தில் பழைய எழுத்தின் மேல் நேரடியாகப் புதிதை எழுத முடியாது. ஒரு கட்டத்தை முழுதாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலி இடம் இருந்தால் அது நிம்மதியாக நடக்கும். இல்லாவிட்டால், கூரை வரைக்கும் நெல் மூட்டை அடுக்கிய அறையில் அடிமூட்டையை எடுக்கப் போன ஆளின் பாடுதான், ஒன்றை வைக்க நாலை இறக்க வேண்டும். விலை குறைந்த போன்களில் போடுகிற நினைவகம் இயல்பிலேயே மெதுவானது, அதனால் அவற்றில் இது கூடத் தெரியும்.

நிரப்புவது யார் என்று தேடத் தேவையில்லை, வட்ஸ்அப். பூவும் சூரியனும் போட்ட காலை வணக்கம், கோயில் திருவிழா வீடியோ, பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவித்தல், வகுப்புக் குரூப்பில் வந்த பாட வீடியோ, ஒரே பகிடி ஐந்து குரூப்பில் ஐந்து தடவை. வட்ஸ்அப் செற்றிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் எந்த குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதில் இருந்து வரிசையாகக் காட்டும். பெரிய வீடியோக்களை அங்கேயே அழிக்கலாம். தானாகப் பதிவிறங்குவதையும் நிறுத்தி வையுங்கள், டேட்டாவும் மிஞ்சும். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

போனைச் "சுத்தம்" செய்கிற, "பூஸ்ட்" பண்ணுகிற அப்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. விளம்பரம் காட்டுவதற்காகப் பின்னால் ஓடிக்கொண்டே, ஓடுகிற மற்ற அப்களை நிறுத்துவதாகச் சொல்கிற கூட்டம் அது. அழித்துவிடுங்கள், அதுவே ஒரு பூஸ்ட். அதேபோல ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் திறந்திருக்கிற அப்களை விரலால் தள்ளித் தள்ளி மூடுகிற பழக்கம். கூகுளில் அன்ட்ரொயிட்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லொக்ஹைமரே 2016இல் அதனால் பற்றரி மிஞ்சாது என்று சொல்லிவிட்டார். மூடிய அப்பை மறுபடி முதலில் இருந்து திறக்கத்தான் கூடச் சக்தி போகும். தொங்கி நிற்கிற அப்பை மூடுவது வேறு கதை.

இதைப் பேஸ்புக்கில் இருந்துகொண்டே சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான், ஆனாலும் சொல்கிறேன்: பழைய போனில் பேஸ்புக்கின் முழு அப்பை வைத்திருக்காதீர்கள். பேஸ்புக் லைட் என்கிற சின்ன அப் இருக்கிறது, அல்லது பிரவுசரில் திறக்கலாம். செற்றிங்ஸில் பற்றரிப் பக்கம் போய் யார் கூடத் தின்கிறார்கள் என்று பாருங்கள், என்னைவிட அது வடிவாகச் சொல்லும். கறுப்புத் திரை போட்டால் பற்றரி மிஞ்சுமா என்று கேட்கிறார்கள். கறுப்பு இடத்தில் ஒளியே விடாத ஓலெட் (OLED) டிஸ்பிளே என்றால் மிஞ்சும், ஆனால் வெளிச்சம் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு அவ்வளவாக இல்லை. 2021இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்ததில், வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருந்தால் மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான். முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 வரை போனது. ஆகவே முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் உள்ளே போகிறவர்கள், சிக்னல் ஒரு கோடாகத் தேய்கிற இடத்தில் அழைப்பு எதிர்பார்க்கவில்லை என்றால் பிளைட் மோட்டில் போடுங்கள். கோபுரத்தைத் தேடித் தேடிக் கூடிய வலுவோடு கத்தியே போன் பாதிச் சார்ஜை முடித்துவிடும்.

பற்றரி மாற்றுவது ஏன் இவ்வளவு பெரிய வேலையாக இருக்க வேண்டும் என்பதுதான் என் உண்மையான கோபம். முன்பு நகத்தால் மூடியைத் தூக்கிப் பற்றரியைக் கழற்றினோம். மெலிதாக்குகிறோம், தண்ணீர் புகாமல் செய்கிறோம் என்று பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இப்போது சட்டம் போட்டிருக்கிறது. 2025 ஜூன் 20இல் இருந்து அங்கே சந்தைக்கு வருகிற போன்களின் பற்றரி 800 தடவை முழுச் சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். 2027 பெப்ரவரி 18இல் இருந்து சாதனங்களின் பற்றரியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், நீண்ட நாள் உழைக்கிற தண்ணீர் புகாத போன்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இலங்கையில் இப்படி ஒன்றை யாராவது கேட்டால் நல்லது. எங்கள் சூட்டில் பற்றரி ஐரோப்பாவைவிடக் கெதியாகத் தேய்கிறது.

சரி, எப்போது போனைக் கைவிடலாம்? பாதுகாப்பு அப்டேட் நின்று வருடக்கணக்காகி, அதில் வங்கி அப்பும் பாவிக்கிறீர்கள் என்றால் மாற்றுங்கள், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. வட்ஸ்அப்பே 2025 ஜனவரியில் அன்ட்ரொயிட் 4.4ஐக் கைவிட்டுவிட்டது. அப்படி வாங்கத்தான் வேண்டும் என்றால், கமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்க முதல் எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று கேளுங்கள். கூகுளின் பிக்சல் 8க்கும் சாம்சங்கின் கலக்ஸி எஸ்24க்கும் ஏழு வருடம் என்று கம்பனிகளே அறிவித்திருக்கின்றன. அவ்வளவு விலைக்குப் போக முடியாதவர்களுக்குக் கலக்ஸி ஏ16 இருக்கிறது, அதற்கு ஆறு வருடம். பற்றரியையும் கேட்டு வையுங்கள், அந்த மொடலுக்கு உதிரிப் பற்றரி எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்குமா என்று.